பக்கத்து லேன்

போன மாதம் எங்கள் ஓட்டக் கிளப்பில் கூட்டம் வைத்து ஒரு சொல்லைத் தூக்கிவிட்டார்கள். சொல் ஒன்றும் பெரிசில்லை, ஒரே எழுத்துத்தான். 'போ'. அதற்குப் பதிலாக இனிமேல் 'கோ' என்று கத்தவேண்டுமாம். புதுக் கோச் நல்ல மனிதர், லப்டொப்பும் கையுமாகத் திரிபவர். கண் தெரியாத ஓட்டக்காரருக்குப் பக்கத்தில் வழிகாட்டியாக ஓடுகிற எல்லாரும் ஒரே சொற்களைப் பாவிக்கவேண்டும், ஒருவருக்கு ஏலாமல் போனால் இன்னொருவர் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கையில் பிழையில்லை. ஒரு எழுத்தை மாற்றுவதற்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்து ஒரு பின்னேரம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சிரிப்பு.

கூட்டம் முடிந்த கையோடு அபி போன் எடுத்தாள். அபி கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டு வார இறுதியில் கிளப்பில் வழிகாட்டியாக ஓடுகிறாள்.

"அங்கிள், சீரியஸ்லி, இந்த 'போ' என்ன லாங்குவேஜ்? கோச் சொல்றார் வெல்ஷ் எண்டு. ஜெரோம் சொல்றான் ஏதோ ஆப்பிரிக்கன் வேர்ட் எண்டு."

"உன்ர அம்மா வீட்டில ஒரு நாளும் 'போ' எண்டு சொன்னதில்லையோ?"

போனுக்குள் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"வெயிட். அது நோர்மல் போவா? கெட் லொஸ்ட் போ?"

"அந்தப் போதான். பாதி அதுதான்."

"மற்றப் பாதி?"

மற்றப் பாதியைப் போனில் சொல்ல ஏலாது. பென்சன் எடுத்தவனுக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் ஓட்ட மைதானத்தில் வேலை செய்தவன். மணல் குழியைக் கிளறுவது, தடைக் கட்டைகளை அடுக்குவது, ட்ராக்கில் விழுந்த இலைகளை மெஷினால் ஊதுவது, கடைசியில் டொய்லெட்டைப் பூட்டுவது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்காக இருநூறு மீற்றர் ஓடியிருக்கிறேன். அகதி விசாரணையில் "எப்படித் தப்பி வந்தாய்?" என்று கேட்டபோது "ஓடி" என்றேன். மொழிபெயர்த்தவர் மட்டும் சிரித்தார். அதோடு என்னுடைய ஓட்ட வரலாறு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அதைத் திரும்பத் தொடக்கி வைத்தது ஒரு நரி. லண்டன் நரிக்கு மனிதரில் பயமில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் நான் உட்காருகிற வாங்கில் வைத்திருந்த என்னுடைய சாப்பாட்டுப் பையை, புட்டும் மீன்பொரியலும் உள்ளே இருக்க, ஒன்று தூக்கிக்கொண்டு ட்ராக்கில் இறங்கியது. கவுன்சில் தந்த கனத்த சப்பாத்தோடு நான் துரத்தினேன். வளைவு முழுக்கத் துரத்தினேன். நரி மீனை மட்டும் எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்துவிட்டது. புட்டை எனக்கு விட்டுவைத்தது.

நிமிர்ந்து பார்த்தால், மழைக்கோட்டு போட்ட ஒரு கிழவி ஸ்டொப்வொட்சோடு நிற்கிறா.

"நரிதான் வெண்டது" என்றா. "ஆனால் வளைவில உம்மட ஓட்டம் பரவாயில்லை. கண் தெரியாத ஆக்களோட ஓட விருப்பமோ?"

அதுதான் மிஸிஸ் பிரைஸ். வேல்ஸ்காரி. உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவ, கண் தெரியாதவர்களுக்கான ஓட்டக் கிளப்பை அந்த மைதானத்தில் நடத்திக்கொண்டிருந்தா. அவவோடு நான் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். இங்கிலீஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'யூ'. இங்கே அதை 'நீர்' என்று எழுதுகிறேன், எங்கள் மட்டத்துக்கு அதுதான் சரி.

மிஸிஸ் பிரைஸ் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. திருப்தி என்றால் "சரி" என்பா. திருப்தியில்லை என்றால் "இன்னொருக்கா" என்பா. உண்மையிலேயே கோபம் வந்தால் ஒன்றும் சொல்லமாட்டா, கோட்டுப் பையிலிருந்து ஒரு மின்ட் இனிப்பை எடுத்து நீட்டுவா. புதிதாக வந்தவர்கள் நன்றி சொல்லி வாங்கி வாயில் போடுவார்கள். பழையவர்கள் அந்த இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எங்கே பிழைவிட்டோம் என்று யோசிப்பார்கள். என்னிடம் ஒரு போத்தல் நிறைய இருந்தது.

முதல் நாள் என்னுடைய கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினா. "நேராய் ஓடும்" என்றா. நேராய் ஓடுவதில் என்ன கஷ்டம் என்று நான் ஓடினேன். நூல் பிடித்த மாதிரி ஓடுகிறேன் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நிலம் காலுக்குக் கீழே இளகியது. காலையில் நானே கிளறிவைத்த மணல் குழி.

"எல்லாரும் சாய்வினம்" என்றா மிஸிஸ் பிரைஸ், நான் வாயிலிருந்த மணலைத் துப்பும்வரை பொறுத்து. "கண்ணை மூடினால் ஒருத்தரும் நேராய் ஓடமாட்டினம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் சாய்வினம். இதை மறக்காதையும்."

பிறகு கயிற்றைக் காட்டினா. கயிறு என்ன கயிறு, பருத்திச் சப்பாத்து நாடா, இரண்டு நுனியிலும் வளையம். ஒரு வளையம் ஓடுகிறவருடைய விரல்களில், மற்றது வழிகாட்டியின் விரல்களில். கட்டிய கைகள் ஒன்றாக வீசும். அப்படி வீசினால் என்னுடைய வலது காலும் அவருடைய இடது காலும் ஒன்றாகப் போகவேண்டும். கண்ணாடி பார்த்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. முடிவுக் கோட்டை வழிகாட்டி முதலில் தாண்டக்கூடாது. கோட்டுக்கு முன் கயிறு விட்டுப்போகவும் கூடாது, விட்டால் ஓட்டம் செல்லாது. உலகத்தில் எல்லாரும் முன்னுக்கு வரத்தான் ஓடுகிறார்கள். பின்னுக்கு வரப் பயிற்சி எடுத்தவன் நான்.

"நீர் அவையின்ர கண் இல்லை" என்பா மிஸிஸ் பிரைஸ். "அந்த நினைப்பு இருந்தால் இப்பவே வீட்ட போகலாம். நீர் படிக்கட்டில இருக்கிற கைபிடி. கைபிடி ஒருத்தரையும் இழுக்காது. இருக்கவேண்டிய இடத்தில இருக்கும், அவ்வளவுதான்."

மைதான வேலை முடிந்து பின்னேரங்களில் கைபிடியாக இருந்து பழகினேன். பலரோடு ஓடினேன். அதையெல்லாம் விட்டுவிட்டு மெய்க்கு வருகிறேன்.

மெய் வடசீனாவில் ஒரு குளிர் நகரத்தைச் சேர்ந்தவ. பிறக்கும்போதே பார்வை குறைவு. இருந்ததும் வளர வளர ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மசாஜும் ஓட்டமும் படித்தா. ஓட்டத்தில் சீன அணிக்குப் போய் உலகப் போட்டிகளில் தங்கம் எடுத்தவ. கொஞ்சம் பார்வை மிஞ்சியவர்களுக்கான பிரிவு அது. ட்ராக்கின் வெள்ளைக் கோடு தெரிந்தது, அது போதும் என்று அந்த நாளில் தனியாகவே ஓடினா. பிறகு கோடு மங்கியது. ஓட்டம் குறைந்தது. அணிக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், மெய் வீட்டுக்குப் போனா. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் மசாஜ் கடை வைத்திருந்த தமக்கை கூப்பிட்டதில் லண்டனுக்கு வந்து சேர்ந்தா.

"எங்கட பாஷையில மெய் எண்டால் உண்மை" என்று முதல் நாள் சொன்னேன். "இன்னொரு கருத்து உடம்பு."

"எங்கட பாஷையில அது ஒரு பூ" என்றா. "அழகான ஆள் எண்டும் இருக்கு. தங்கச்சி எண்டும் இருக்கு. ஒவ்வொரு விதமாய் இழுத்துச் சொல்லவேணும். நீர் சொன்ன விதத்தில ஒரு கருத்தும் இல்லை."

மிஸிஸ் பிரைஸிடம் அவ சொன்ன முதல் வசனம், "நான் திரும்ப அணிக்குப் போகவேணும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அவவுக்கு ஒரு வழிதான் மிச்சம். முற்றாகப் பார்வை இல்லாதவர்களின் பிரிவுக்கு மாறி, வழிகாட்டியோடு ஓடவேண்டும். அந்தப் பிரிவில் எல்லாருடைய கண்ணையும் கறுப்பு மறைப்பால் மூடிவிடுவார்கள். ஒருத்திக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்து மற்றவளுக்குத் தெரியாமல் இருந்தால் நியாயமில்லை என்பதற்காக.

மெய் அந்த மறைப்பைப் போடமாட்டேன் என்றா. "என்னட்ட மிஞ்சியிருக்கிறது ஒரு ஓட்டை வெளிச்சம். அதையும் நானே ஏன் அடைக்கவேணும்?" மிஸிஸ் பிரைஸ் வற்புறுத்தவில்லை. மின்டும் கொடுக்கவில்லை. மறைப்பை அவவுடைய கையில் வைத்துவிட்டு ஸ்டொப்வொட்சை எடுத்தா. மெய் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பனிக்காலம் தொடங்கும்வரை மறைப்பில்லாமலே ஓடினா.

மார்கழியில் ஒரு பின்னேரம், நாலு மணிக்கே இருட்டிவிட்ட நேரம், ட்ராக்குக்கு வந்து நின்று கேட்டா, "இன்னும் விளக்குப் போடேல்லையோ?"

மைதானத்தின் பெரிய விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. போட்டதே நான்தான். மிஸிஸ் பிரைஸ் என்னைப் பார்த்தா. எனக்கு வாயில் வருவது பகிடி ஒன்றுதான்.

"கவுன்சில் கரண்ட் பில் கட்டேல்லையாம்" என்றேன்.

மெய் சிரித்தா. நன்றாகச் சிரித்தா. அடுத்த நாள் வந்தபோது தானாகவே கண்ணில் மறைப்பைப் போட்டுக்கொண்டு வந்தா. கயிற்றைக் கையில் மாட்டும்போது சொன்னா, "விளக்கு எரியேக்க ஒரு இரைச்சல் வரும். நேற்றும் வந்தது."



இனி அந்தச் சொல். மிஸிஸ் பிரைஸுடைய சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சோடிக்கும் தங்களுக்கென்று ஒரு சொல் வேண்டும். "ஸ்டேடியத்தில எல்லாரும் கோ, கோ எண்டுதான் கத்துவினம். மற்ற வழிகாட்டியள் பக்கத்திலயே கத்துவினம். இவவுக்கு உம்மட குரல் மட்டும் பிரிஞ்சு கேக்கவேணும். வாயைத் திறந்தால் ஒரே மூச்சில வாற சொல் ஒண்டைத் தேடும்." 'புஷ்' என்று பார்த்தோம், சொல்லி முடிய என்னுடைய மூச்சும் முடிந்தது. 'ட்ரைவ்' என்று பார்த்தோம், இரண்டாவது தடவை நாக்கைக் கடித்தேன். 'டைகர்' என்றேன், மெய் சிரித்து ஓட்டத்தையே விட்டுவிட்டா.

ஒரு நாள் மழைக்குள் வளைவு முடிந்து நேர்ப் பாதைக்கு வருகிறோம். மெய்யுடைய கை கயிற்றில் தளர்வது தெரிந்தது. களைத்துவிட்டா. எனக்கும் களைப்பு. யோசிக்காமல், வீட்டில் கத்துகிற மாதிரி, "போ" என்று கத்திவிட்டேன்.

போனா. அப்படியொரு போக்கை நான் அதுவரை கயிற்றில் உணர்ந்ததில்லை. பிடித்துக்கொண்டு ஓட எனக்கு நாக்குத் தள்ளியது. மிஸிஸ் பிரைஸ் ஸ்டொப்வொட்சைப் பார்த்து "சரி" என்றா.

மெய் என்னுடைய கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னா. அடுத்த நாள் வீட்டில் செய்த, கறி வைத்து அவித்த சீனக் கொழுக்கட்டை ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தா. ஒரு தமிழ்ச் சொல்லை, சொன்ன தொனியிலேயே பிடித்துக்கொண்டாவே என்று எனக்கும் புளகாங்கிதம். பதிலுக்கு நான் தெற்கு லண்டனில் எங்கட கடைகள் இருக்கிற டூட்டிங் வரை போய் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"தமிழில கத்தினால் ஓடுற முதல் சீனக்காரி" என்று மனிசியிடம் சொன்னேன்.

"தமிழில நான் கத்தினால் நீங்கள் அசையிறேல்லை" என்றா மனிசி. "ஊரில எல்லாற்ற புருசன்மாரும் ஓவர்டைம் செய்யினம். என்ர ஆள் சீனக்காரிக்குப் பக்கத்தில ஓடுறார். அதிலயும் ரெண்டாவதாய் வாறதுக்கு."

அதன் பிறகு பல வருசம் அந்த ஒரு சொல்லில் ஓடினோம். வளைவில் நுழையும்போது "வளைவு" என்பதும் வெளியே வரும்போது "நேர்" என்பதும் இங்கிலீஷில்தான். கடைசித் தூரத்துக்கு மட்டும் 'போ'. கிளப்பில் மற்றவர்களும் அதைக் கேட்டுப் பழகித் தங்கள் ஆட்களுக்கும் கத்தத் தொடங்கினார்கள். மிஸிஸ் பிரைஸுடைய சட்டம் அத்தோடு முறிந்தது. ஆனால் எல்லாரையும்விட மெய்தான் அந்தச் சொல்லுக்குப் பறந்தா.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மெய் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நான் எப்படி ஓடினன்?" நேரத்தைக் கேட்பதில்லை, அது அறிவிப்பில் வரும். தான் எப்படி ஓடினேன் என்பதுதான் கேள்வி. உண்மை என்னவென்றால் எனக்குத் தெரியாது. வழிகாட்டி ஒருவன் தன்னுடைய ஓட்டக்காரியைப் பார்ப்பதில்லை. கண் முழுக்க முன்னுக்கிருக்கிற கோட்டில் இருக்கும். பக்கத்தில் ஒரு மூச்சு, ஒரு காலடிச் சத்தம், கயிற்றில் ஒரு பாரம், அவ்வளவுதான். ஆகவே ஏதாவது சொல்லுவேன். "வாடகை கேட்டு ஆள் வந்த மாதிரி ஓடினனீர்." "கடைசி பஸ்ஸுக்கு ஓடின மாதிரி." அவ சிரித்துவிட்டு, "ஒரு நாளைக்குப் பார்த்துச் சொல்லும்" என்பா.

பிறகு அந்தப் போட்டி வந்தது. லண்டனில், பெரிய ஸ்டேடியத்தில், பல நாட்டவர்களும் ஓடுகிற போட்டி. மெய்யுடைய பழைய அணியும் வருவதாக இருந்தது. அணித் தலைவர் போனில் மெய்யிடம் சொல்லியிருந்தாராம், "வெண்டால் யோசிப்பம்." அந்த 'யோசிப்பம்' என்ற சொல்லை மெய் சாமிப்படம் மாதிரி வைத்திருந்தா. வயது போய்க்கொண்டிருந்தது, இன்னொரு தடவை யாரும் யோசிக்கப்போவதில்லை என்று அவவுக்குத் தெரியும். எனக்கும் வயது போய்க்கொண்டிருந்தது, ஆனால் என்னை யாரும் யோசிக்கவில்லை. போட்டிக்கு முதல் நாள் என்னுடைய தொடையை மெய் தானே பிடித்துப் பார்த்தா. "நல்லாயிருக்கு. பழைய மாட்டிறைச்சி மாதிரி. கனநேரம் அவிச்சால் சாப்பிடலாம்" என்றா.

கண் மறைப்புப் போட்டு ஓடுகிற ஓட்டத்தில் எட்டு லேனுக்கு நாலு பேர்தான். ஒவ்வொருத்திக்கும் இரண்டு லேன், ஒன்று அவளுக்கு, பக்கத்து லேன் வழிகாட்டிக்கு. மெய்யுடைய கைகளைப் பிடித்துத் தொடக்கக் கோட்டில் வைத்தேன். அறிவிப்பாளர் கூட்டத்தை அமைதியாயிருக்கச் சொன்னார். அத்தனை ஆயிரம் பேர் ஒன்றாக வாயை மூடுவதும் ஒரு சத்தம்தான்.

"எங்கட ஆக்கள் எங்க இருக்கினம்?" என்று மெய் கேட்டா.

"வலப் பக்கம், மேல. சிவப்புச் சட்டை."

முகத்தை ஒருக்கால் தன்னுடைய பழைய அணி இருந்த பக்கம் திருப்பிவிட்டுக் குனிந்தா.

தொடக்கத் துப்பாக்கி வெடித்தது. ஓடினோம். வளைவில் எங்கள் கால்கள் ஒரே ஆளுடைய கால்கள் மாதிரி விழுந்தன. "நேர்" என்றேன். எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிரேசில்காரி. "போ" என்றேன். மெய் போனா. பிரேசில்காரி பக்கத்தில் வந்தாள், பிறகு பின்னுக்குப் போனாள். அந்த நேரம் யாரோ பின்னாலிருந்து என்னுடைய தொடையில் கல்லால் எறிந்தார்கள். உண்மையாகவே யார் எறிந்தது என்று திரும்பிப் பார்க்க நினைத்தேன். கல்லும் இல்லை, எறிந்தவரும் இல்லை. தசை கிழிந்துவிட்டது.

விழுகிறேன் என்று தெரிந்தது. கையில் கயிறு இருக்கிறது. பிடித்துக்கொண்டு விழுந்தால் கண் கட்டியிருக்கிற ஒரு மனுசி, முழு வேகத்தில், முகம் குப்புற விழுவா. கைபிடி உடைந்தால் உடையட்டும், ஆளையும் சேர்த்து விழுத்தக்கூடாது. விரல்களை விரித்தேன். வளையம் கழன்றது. "போ" என்று கத்தினேன்.

அந்தப் போ மற்றப் போக்களைப் போல இல்லை. அது என்னை விட்டுவிட்டுப் போ என்பது.

ட்ராக்கில் கன்னம் பதிய விழுந்து கிடந்தபடி பார்த்தேன். மெய் போய்க்கொண்டிருந்தா. இத்தனை வருசம் பக்கத்தில் ஓடியிருக்கிறேன், அவவுடைய முதுகை அன்றைக்குத்தான் கண்டேன். கயிறு ஒரு வால் மாதிரிக் கையிலிருந்து பறந்தது. கூட்டம் விளங்கிக்கொண்டு மறுபடி வாயை மூடிவிட்டது. முதலில் நேராகத்தான் ஓடினா. பிறகு மெல்ல, மெல்லச் சாய்ந்தா. நடுக்கோட்டை மிதித்தா. தாண்டினா. என்னுடைய லேனுக்குள் வந்துவிட்டா. ஆளில்லாமல் கிடந்த அந்த லேனில் ஓடித்தான் எல்லாருக்கும் முன்னால் முடிவுக் கோட்டைக் கடந்தா.

கடந்தது அவவுக்குத் தெரியாது. நில் என்று சொல்ல ஆளில்லை. ஓடிக்கொண்டே இருந்தா. மிஸிஸ் பிரைஸ் வழக்கமாகக் கோட்டுக்கு அப்பால் கோல்கீப்பர் மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நிற்பா. அன்றைக்கும் நின்றா. அந்தக் கிழவி பக்கவாட்டில் இரண்டு லேன் பாய்ந்து போய் மெய்யைக் கட்டிப் பிடிக்க, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். பெரிய திரையில் மெய்யுடைய பெயர் முதலாவதாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அழிந்தது.

மிஸிஸ் பிரைஸ் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தா. ஸ்டேடியத்துக்குக் கீழே ஒரு சின்ன அறையில் விசாரணை. தொடையில் ஐஸ் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் போனேன். இன்னொரு விசாரணை அறை, இந்தத் தடவை ஓடவும் ஏலாது. நடுவர் மரியாதையான வெள்ளைக்கார மனிதர்.

"விழும்போது நீங்கள் ஏதோ கத்தினீர்கள். என்ன சொன்னீர்கள்?"

"போ."

"அதன் அர்த்தம்?"

"போகச் சொல்லுறது. என்ர பாஷையில. தமிழில."

பக்கத்திலிருந்த மெய் தலையைத் திருப்பினா. "இல்லை" என்றா நடுவரிடம். "அது சீனச் சொல். ஓடு எண்டு அர்த்தம். இவர் எனக்காக ஆரிட்டயோ கேட்டுப் பாடமாக்கினவர். முதல் நாளிலயிருந்து அதைத்தான் சொல்லுறவர்."

"நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை" என்றேன். "எனக்குச் சீனத்தில ஒரு சொல்லும் தெரியாது. அது தமிழ்."

மெய் அந்தச் சொல்லைத் தன்னுடைய பாஷையில் சொல்லிக் காட்டினா. பாவ். கொஞ்சம் கீழே இறங்கி மேலே ஏறும். மழைக்குள் ஓடிக்கொண்டு மூச்சு வாங்கக் கத்தினால் என்னுடைய போவும் அப்படித்தான் இருக்கும்.

"அப்ப அந்தக் கொழுக்கட்டை?" என்று கேட்டேன்.

"நீர் என்ர பாஷை படிச்சதுக்குத் தந்தது" என்றா. "அந்த ரோல்ஸ்?"

"நீர் என்ர பாஷை படிச்சதுக்கு."

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கலாமோ கூடாதோ என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. மெய் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தா. எத்தனை மைதானம், எத்தனை மழை. ஓடு என்று நான் சொல்வதாக நினைத்து அவ ஓடியிருக்கிறா. போ என்று நான் சொன்னதற்குப் போகிறா என்று நான் நினைத்திருக்கிறேன்.

"எந்தப் பாஷையானாலும்" என்றார் நடுவர், உண்மையான வருத்தத்தோடு, "கயிறு கோட்டுக்கு முன்னால் விட்டுப்போயிருக்கிறது. மன்னிக்கவேண்டும்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. மிஸிஸ் பிரைஸ் எழுந்து, கோட்டுப் பையில் கையை விட்டு, ஒரு மின்டை எடுத்து அவரிடம் நீட்டினா. அவர் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் சீன அணித் தலைவர் நின்றிருந்தார். மெய்யுடைய கையைப் பிடித்து ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கஷ்டப்பட்டிட்டாய் எண்டு சொன்னார்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. அது முடிஞ்ச வேலைக்குச் சொல்லுற சொல்."

மெய் அதற்குப் பிறகு போட்டிகளில் ஓடவில்லை. என்னுடைய தொடை கயிறு பிடிக்கிற வேலைக்குத் திரும்ப வரவில்லை, மைதானத்தில் இலை ஊதுகிற வேலையோடு பென்சன்வரை இருந்தேன். மிஸிஸ் பிரைஸ் காலமாகிவிட்டா. மெய் தாயைப் பார்க்கவென்று அந்தக் குளிர் நகரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டா. அங்கே ஒரு மசாஜ் கடையில் வேலை செய்கிறா. தைப்பொங்கலுக்கு நான் போனில் ஒரு குரல் செய்தி அனுப்புவேன், சீனப் புதுவருசத்துக்கு அவ ஒன்று அனுப்புவா. கிளப்பில் போ என்ற சொல் மட்டும் எங்கள் இருவரையும் தெரியாத வாய்களில் இருந்து வந்தது. போன மாதம் அதுவும் போய்விட்டது.

மெய் ஊருக்குப் போவதற்கு முன், தொடை ஆறும்வரை, பார்க்கிங்கில் தமக்கையின் கடையில் அவதான் எனக்குக் கால் பிடித்துவிட்டா. குப்புறப் படுத்திருப்பேன். முகத்துக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்கும், அதனூடாக நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவவுடைய பெருவிரலுக்கு எந்த இடத்தில் நோகும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாள் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டா.

"அண்டைக்கு நீர் பார்த்தனீர்தானே?"

"எதை?"

"நான் ஓடினதை. நீர் கீழ கிடந்தனீர். முதல் தடவை பார்த்திருப்பீர். பகிடி விடாமல் சொல்லும். நான் எப்படி ஓடினன்?"

இத்தனை வருசம் பார்க்காமலே எத்தனையோ சொல்லியிருக்கிறேன். பார்த்த பிறகு ஒரு பகிடியும் வரவில்லை.

"நேராய் ஓடினனீர்" என்றேன். "நூல் பிடிச்ச மாதிரி. கடைசி மட்டும் உம்மட லேனில."

பெருவிரல் நின்றது.

"பொய்" என்றா. "கோட்டில மிதிச்சனான். பெயின்ட் அடிச்ச இடம் காலுக்கு வழுவழுப்பாய் இருக்கும். அதுக்குப் பிறகு உம்மட லேனிலதான் ஓடினனான்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாமல் சாய்ஞ்சது எண்டு நினைக்காதையும்" என்றா. "உம்மட காலடிச் சத்தம் நிண்டிட்டுது. எந்த நாளும் அந்தப் பக்கம்தானே நீர் இருக்கிறனீர். அதுதான் வந்து பார்த்தனான்." பெருவிரல் மறுபடி அழுத்தத் தொடங்கியது. "அங்க ஒருத்தரும் இல்லை."

என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நோகுதோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன். "கால்."